குறுவட்ட வாலிபால்: பள்ளியும் நடுவர்களும் சேர்ந்து நடத்திய விதம் எப்படி?

தென்காசி பக்கம் எங்கள் குறுவட்டத்து மாணவிகள் வாலிபால் போட்டி இந்த வருடம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் நடந்தது. 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் என் மகள் ஆடினாள், அதனால் காலையிலிருந்து இருட்டும் வரை அங்கேயே இருந்தேன். பள்ளிகள் நடத்தும் போட்டியில் இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. 5க்கு 4 கொடுக்கிறேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளை இப்போதுதான் விளையாட்டில் சேர்த்திருப்பவர்களுக்காக ஒரு விஷயம். குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அங்கேயும் ஜெயித்தால் அடுத்தடுத்து மாநிலம் வரை போகலாம். குறுவட்டத்தில் விசில் ஊதுகிறவர்கள் எங்கிருந்தோ வருகிறவர்கள் இல்லை, பெரும்பாலும் அதே சுற்றுவட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள்தான். காலையில் தன் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வந்து இட்லி வாங்கிக் கொடுத்த அதே பி.டி. சார், பத்து மணிக்கு நடுவராக ஸ்டாண்டில் ஏறுவார். பிரச்சினை எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கும். முன்பு வேறொரு பள்ளியில் நடந்த அரையிறுதியில், ஆடிய அணியின் ஆசிரியரே முதல் நடுவராக நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் நேர்மையாகவே ஊதியிருக்கலாம். ஆனால் தோற்ற பிள்ளைகள் அதை நம்பவில்லை, நம்பச் சொல்லிக் கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த முறை அதற்கு இடமே வைக்கவில்லை. எந்த ஆட்டத்துக்கு யார் முதல் நடுவர், யார் இரண்டாம் நடுவர், ஸ்கோர் ஷீட் யார் கையில், கொடி பிடிப்பது யார் என்று ஒரு சார்ட் எழுதி, பந்தலில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள். தன் பள்ளி ஆடும் ஆட்டத்தில் எந்த ஆசிரியர் பெயரும் இல்லை. அதை எழுதியது பள்ளி மட்டும் இல்லை, நடுவர்கள் மட்டும் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே மூத்த நடுவர் ஒருவர் பள்ளிக்கு வந்து, பி.டி. சாரோடு உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

அன்று அவர் மைதானத்தையும் பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் இந்தச் சீசனில் சாரல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புக் கோடு இரண்டு ஆட்டம் தாங்காது, அப்புறம் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று ஊரே கூடி நின்று பேசும். வாலிபாலில் பந்து கோட்டைத் தொட்டாலே உள்ளே என்பதுதான் விதி, ஆக 5 செ.மீ. அகலக் கோடு அழிந்தால் ஆட்டமே அழிந்த மாதிரி. அதனால் சுண்ணாம்பை விட்டுவிட்டு நாடா அடிக்கச் சொல்லியிருக்கிறார். பள்ளியும் மறு பேச்சில்லாமல் வாங்கி, 18க்கு 9 மீட்டர் அளந்து அடித்துவிட்டது. காலையில் அந்த நடுவர் வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து நடந்துகொண்டே ஒவ்வொரு மூலையிலும் ஆணித் தலையைச் செருப்பு நுனியால் தடவிப் பார்த்தார். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. பி.டி. சாரே சுத்தியலோடு ஓடி வந்து அடித்து, மேலே மண்ணைப் போட்டு மிதித்தார். பந்துக்காகத் தரையில் விழுந்து எழும் பிள்ளைகளின் முட்டியை நினைத்துப் பார்த்தால் அந்த ஆணியின் அருமை புரியும்.

நடுவர் ஸ்டாண்ட் நிஜமான இரும்பு ஸ்டாண்ட். முதல் நடுவரின் கண் வலைக்கு மேலே சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். பல பள்ளிகளில் டெஸ்க் மேல் நாற்காலி போட்டுக் கயிற்றால் கட்டி ஏற்றிவிடுவார்கள், அவர் பாவம் ஆட்டத்தைப் பார்ப்பாரா, விழாமல் இருப்பதைப் பார்ப்பாரா! இங்கே வலையும் விறைப்பாக இருந்தது, இரண்டு பக்கமும் ஆன்டெனா (வலையின் ஓரத்தில் எல்லை காட்டச் செங்குத்தாகக் கட்டும் குச்சி) கட்டியிருந்தது. பக்கத்து கோர்ட்டில் த்ரோபால் நடந்ததால் விசில் சத்தம் குழம்பக் கூடாது என்று, ஒரு கோர்ட்டில் உருண்டை போட்ட பழைய விசில், இன்னொன்றில் உருண்டை இல்லாத ஃபாக்ஸ் 40 என்று பிரித்துக்கொண்டார்கள். (அந்த ஃபாக்ஸ் 40 உருவானதே ஒரு நடுவரின் கஷ்டத்தில்தான். 1984இல் பிரேசிலில் நடந்த ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நடுவருக்கு விசிலின் உருண்டை சிக்கிச் சத்தமே வராமல் போனது. அதற்குப் பிறகுதான் அவர் உருண்டை இல்லாத விசிலைச் செய்ய வைத்தார்.) இரண்டு கோர்ட்டுக்கும் நடுவில் நின்று பார்த்தேன், பிள்ளைகள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

காலையில் படிவம் சரிபார்ப்பதும் சீக்கிரம் முடிந்தது. பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்), தலைமை ஆசிரியர் கையெழுத்து மூன்றையும் ஒரே மேஜையில் பள்ளி அலுவலரும் ஒரு நடுவரும் சேர்ந்தே பார்த்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு வயதைக் கிளப்பிச் சண்டை போட யாருக்கும் வழியில்லை.

உண்மையான சோதனை மதியத்துக்கு மேல், அரையிறுதியில் வந்தது. போட்டி நடத்திய பள்ளியின் அணியும் இன்னோர் அணியும் மூன்றாவது செட்டில். 8 புள்ளியில் பக்கம் மாறியாகிவிட்டது, காற்று இப்போது எதிரணிக்கு முதுகுப் பக்கம். உள்ளூர்ப் பிள்ளை அடித்த ஸ்மாஷ் உள்ளே விழுந்தது, கூட்டம் எழுந்து கத்தியது. ஆனால் கோட்டு நடுவராக நின்ற பையன் கொடியைத் தலைக்கு மேல் ஆட்டி ஆன்டெனாவைக் காட்டினான். இரண்டு அணிக்கும் சம்பந்தமில்லாத பள்ளியின் பிளஸ் டூ பையன். உள்ளூர் கேப்டன் நடுவரிடம் போய், "சார், பந்து படவே இல்ல சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். விளக்கம் கேட்கும் உரிமை கேப்டனுக்கு உண்டு. நடுவர் கொடிப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார், இரண்டாம் நடுவர் முகத்தைப் பார்த்தார், பந்து ஆன்டெனாவில் பட்டது என்று கேப்டனிடம் சொல்லிப் புள்ளியை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

பெரியவர்கள்தான் திரும்பவில்லை. ஒரு அப்பா கயிற்றைத் தாண்டி அந்தப் பையனைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டே வந்தார். நடுவர் ஸ்டாண்டை விட்டு இறங்கவே இல்லை, இறங்க வேண்டியிருக்கவும் இல்லை. அந்தப் பள்ளியின் பி.டி. சார், தன் அணி தோற்கும் நிலையில் இருக்கும்போதே, போய் அந்தப் பையன் பக்கத்தில் நின்று, "அண்ணாச்சி, கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க. முடிவு சொன்னா சொன்னதுதான்" என்றார். ஹெச்.எம். டீச்சரும் எழுந்து வந்துவிட்டார். அரை நிமிடத்தில் ஆட்டம் தொடர்ந்தது. அந்த அணி தோற்றது. பி.டி. சார் முதல் ஆளாகப் போய் நடுவருக்குக் கை கொடுத்தார்.

நான் இந்தப் போட்டிக்கு மதிப்பெண் போட்டதே இதற்காகத்தான். நடுவரைக் காப்பாற்றுவது நடுவர் வேலை இல்லை, போட்டி நடத்துகிற பள்ளியின் வேலை. அமெரிக்காவில் 2018க்குப் பிறகு சில வருடங்களில் ஏறக்குறைய 50,000 பேர் உயர்நிலைப் பள்ளி நடுவர் வேலையை விட்டுவிட்டார்கள் என்று அங்குள்ள பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. பெற்றோரும் பார்வையாளர்களும் திட்டுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கே அந்தப் பையன் அன்று தனியாக நின்றிருந்தால் வாழ்க்கையில் மறுபடி கொடியைத் தொட்டிருப்பானா?

சரி, குறைகள். மாணவிகள் போட்டிக்கு வந்த நடுவர்களில் ஒரே ஒரு டீச்சர்தான் பெண். ஒரு பிள்ளைக்கு நடுவில் உடம்பு முடியாமல் போனபோது அவரைத் தேடி த்ரோபால் கோர்ட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. அடுத்த குறை நேரம். ஒரே வாலிபால் கோர்ட்டில் 17, 19 இரண்டு பிரிவையும் வைத்ததால் பெரிய பிள்ளைகளின் இறுதி ஆட்டம் ஆறு மணிக்குத்தான் தொடங்கியது. மேகம் வேறு மூடி, கடைசி செட்டில் எங்களுக்கே பந்து சரியாகத் தெரியவில்லை. முந்தின நாளே உட்கார்ந்து அத்தனையும் யோசித்தவர்கள் இதையும் கணக்குப் போட்டிருக்கலாம். நடுவர்களுக்குச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைத்தது, அதுவும் ஆறிப்போய்.

அடுத்து வருவாய் மாவட்டப் போட்டி. எந்தப் பள்ளி நடத்தினாலும் அங்குள்ள பி.டி. சார் இவர்களுக்கு ஒரு ஃபோன் போட்டு, அந்த சார்ட்டையும் நாடா அடித்த விதத்தையும் கேட்டுக்கொள்ளட்டும். மைதானத்தில் விளக்கு இல்லை என்றால் இறுதி ஆட்டத்தை நான்கு மணிக்கு மேல் தள்ள வேண்டாம். பெண் நடுவர்கள் கூடுதலாக வேண்டும் என்று பெற்றோர் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மற்றப் பள்ளிப் பெற்றோரும் எழுதிக் கொடுங்கள்.