பட்டை வரைவதா, எக்ஸ் போடுவதா? ஐந்தாம், ஆறாம் வகுப்புக் கணக்கில் எது கைகொடுக்கும்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 5-லோ 6-லோ பிள்ளை படிக்கும் வீட்டில் ஒரு வழக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளியில் தொகையை நீளப் பட்டையாக்கிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் 'மாடல்' வரையச் சொல்கிறார்கள், அப்பாவோ "எக்ஸ்னு வெச்சா ரெண்டு வரியில முடிஞ்சுது, எதுக்கு இந்தப் பெட்டியெல்லாம்?" என்கிறார். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்கள் வீட்டில் இது அதிகம். இங்கேயே பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டிக்கும் மாடல் புதிதுதான், ஏனென்றால் அது பள்ளிக்குள் வந்ததே 1980களில். டாக்டர் கோ டெக் ஹொங் தலைமையிலான குழு கல்வி அமைச்சுக்காக உருவாக்கியது. முதலில் கையில் தொட்டுப் பார்க்கும் பொருள், பிறகு படம், கடைசியில் எண்ணும் குறியும் என்ற வரிசையில் மாடல் நடுப்படி. எக்ஸ் மேல்படி. நடுப்படியைத் தாண்டிக் குதிக்கலாமா என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கவிதா தன் பணத்தில் கால் பங்குக்குப் புத்தகம் வாங்கினாள், மீதியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காலணி வாங்கினாள், கையில் 30 வெள்ளி இருக்கிறது, முதலில் எவ்வளவு இருந்தது?

மாடலில் ஒரு நீளப் பட்டை, நான்கு கட்டம். ஒன்று புத்தகம். மீதி மூன்று கட்டத்தில் இரண்டு காலணி. மிச்சம் ஒரு கட்டம், அது 30. நான்கு கட்டம் 120. பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் தடுமாற இடமே இல்லை.

எக்ஸ் வழியில் போனால், முழுப் பணம் எக்ஸ், புத்தகம் போக முக்கால் எக்ஸ், அதில் மூன்றில் இரண்டு என்பது அரை எக்ஸ், கழித்தால் கால் எக்ஸ், அது 30. விடை அதே 120. நமக்கு எளிது. ஆனால் வேகமாக எழுதும் பிள்ளை 'மீதியில்' என்பதை விட்டுவிட்டு முழு எக்ஸிலிருந்தே மூன்றில் இரண்டைக் கழித்துவிடும். அப்படிச் செய்தால் மிஞ்சுவது பன்னிரண்டில் ஒரு பங்கு, விடை 360. பின்னம் எதுவும் ஒட்டாத, பார்க்க லட்சணமான எண். தப்பு என்று சந்தேகமே வராது! பட்டையில் அந்தத் தப்பு நடப்பது கஷ்டம், ஏனென்றால் 'மீதி' கண்ணெதிரே கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பின்னம், சதவீதம், 'இவனைவிட அவளிடம் மூன்று மடங்கு' வகைக் கணக்குகளில் மாடலுக்கே என் ஓட்டு, அதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

ஆனால் மாடலைத் தூக்கித் தலையில் வைத்து ஆடுகிறவர்கள் அடுத்த கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். செல்வாவின் பணமும் மாலாவின் பணமும் 5:3 விகிதம். செல்வா 40 வெள்ளி செலவழித்தான், மாலாவுக்கு 15 வெள்ளி கிடைத்தது, இப்போது விகிதம் 4:5. இரண்டு பேர் பணமும் மாறிவிட்டது, மொத்தமும் மாறிவிட்டது, வித்தியாசமும் மாறிவிட்டது. பிடித்துக்கொள்ள எதுவுமே அசையாமல் நிற்கவில்லை. மொத்தம் மாறாமல் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் கணக்கென்றால் கட்டங்களைச் சமமாக்கிச் சமாளிக்கலாம், இதில் முடியாது. பட்டை வரைய உட்கார்ந்தால் தாள்தான் தீரும்.

இந்த வகைக்கு டியூஷன் வகுப்புகளில் 'யூனிட், பார்ட்' என்று ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். பழைய விகிதத்தின் ஒரு பங்கு யூனிட், புதிய விகிதத்தின் ஒரு பங்கு பார்ட். 5 யூனிட்டில் 40 போனால் 4 பார்ட், 3 யூனிட்டோடு 15 சேர்ந்தால் 5 பார்ட். முதல் வரியை ஐந்தால் பெருக்கு, இரண்டாவதை நான்கால் பெருக்கு, இரண்டிலும் 20 பார்ட் வந்துவிடும். 25 யூனிட்டில் 200 கழித்ததும் 12 யூனிட்டோடு 60 கூட்டியதும் சமம், ஆக 13 யூனிட் 260, ஒரு யூனிட் 20. செல்வாவிடம் 100, மாலாவிடம் 60. சரி, இது என்ன? நாம் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் போட்ட அதே இரட்டைச் சமன்பாடு, எக்ஸ் ஒய்க்குப் பதில் யூனிட் பார்ட் என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இந்த இடத்தில் அப்பா சொல்வது நியாயம், நேராக எழுத்தையே போட்டுவிடலாம்.

ஆடு கோழிக் கணக்கில் (தலை 20, கால் 56) இரண்டுமே தேவையில்லை. எல்லாம் கோழி என்று வைத்தால் 40 கால், குறைவது 16, ஆடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் கூடுதல் என்று பார்த்தால் ஆடு 8. முடிந்தது.

"எக்ஸ் போட்டால் மார்க் குறைப்பார்களாமே?" என்று கேட்கிறார்கள். தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேசியத் தேர்வான பிஎஸ்எல்இ-யில் கணித முறைப்படி சரியான எந்த வழியும் ஏற்கப்படும். ஆறாம் வகுப்புப் பாடத்திட்டத்திலேயே எழுத்தைப் பயன்படுத்துவதும் எளிய சமன்பாடுகளும் இருக்கின்றன. 2021-ல் தொடக்கநிலை 1-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் 2026-ல் ஆறாம் வகுப்பை எட்டியது, அதில் விகிதம் ஐந்திலிருந்து ஆறுக்கு வந்துவிட்டது, வேகக் கணக்கு உயர்நிலை 1-க்குப் போய்விட்டது. அதனால் அக்கா வைத்திருந்த பழைய அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகத்தைத் தம்பியிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், பிள்ளை பாவம், பாடத்தில் இல்லாத வேகக் கணக்கோடு மல்லுக்கட்டும்.

நாலாம் வகுப்பு வரை வீட்டில் எக்ஸை எடுக்கவே வேண்டாம் என்பேன். ஐந்தில் மாடல் கை பழகட்டும். ஆறாம் வகுப்பில் விகிதத்தோடு இரண்டு பக்கமும் மாறும் கணக்கு வரும்போது எழுத்துக்குப் போகலாம், ஆனால் முதல் வரியில் எக்ஸ் என்பது செல்வாவின் பணமா ஒரு யூனிட்டா என்று எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள், பாதி வழியில் அது எதைக் குறித்தது என்று மறந்துபோய்ப் பின்னால் தேடும் பிள்ளைகள் நிறைய. மாடல் வரையும்போது ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டு வண்ணம் வேறு தீட்டும் பிள்ளையென்றால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கட்டம் ஓரளவு சமமாக இருந்து, எது யாருடையது என்று பக்கத்தில் எழுதியிருந்தால் போதும்.