லாங்கே குன்றுகள்: எந்தக் கோட்டைக்குள் போகலாம், எதை வெளியே நின்று பார்த்தால் போதும்

இத்தாலியின் வடமேற்கே, பியமோன்தே மாநிலத்தில், ஆல்பா என்ற சிறு நகரைச் சுற்றிக் கிடக்கும் குன்றுகளுக்கு லாங்கே என்று பெயர். கிட்டத்தட்ட ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஓர் ஊர் இருக்கும். பல ஊர்களின் நடுவே கோட்டையோ கோபுரமோ நிற்கும். அதன் அடியிலிருந்து பள்ளம் வரை திராட்சைக் கொடிதான். 2014-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பையும் பக்கத்திலுள்ள ரொயேரோ, மொன்ஃபெர்ராத்தோ பகுதிகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதன் பிறகு கூட்டம் கூடிவிட்டது. கூடவே அரை நாளில் ஐந்து ஊர் காட்டும் வேன் பயணங்களும் பெருகிவிட்டன. அவற்றை வேண்டாம் என்றுதான் சொல்வோம். வளைவுச் சாலையில் குலுங்கி, ஒவ்வொரு ஊரிலும் இருபது நிமிடம் இறங்கி ஏறினால், எந்த ஊர் எது என்பதே மறுநாள் நினைவில் இருக்காது. மூன்று நாள் ஒதுக்கி, ஒரு நாளைக்கு இரண்டு ஊர் என்று வைத்துக்கொள்வதுதான் சரியான அளவு.

தொடங்க வேண்டிய இடம் செர்ரலுங்கா ஊரின் கோட்டை. பெயர் பெற்றது பரோலோ கோட்டை என்பதால் எல்லோரும் முதலில் அங்கே ஓடுவார்கள். ஆனால் இந்த நாட்டைக் கண்ணுக்குப் பழக்கித் தருவது செர்ரலுங்காதான். ஃபல்லெத்தி குடும்பம் 1340 முதல் 1357 வரை கட்டிய கோட்டை இது. பிரெஞ்சு பாணியில் ஒடுங்கலாக, செங்குத்தாக நிற்கும். பிற்காலத்தில் மாளிகையாக மாற்றி அலங்கரிக்காமல் விட்டுவிட்டதால், 14-ஆம் நூற்றாண்டு உருவத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். படிகள் குறுகல், செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே ஊரைச் சுற்றுவதே நல்லது.

உள்ளே அறைகள் ஏறக்குறைய வெறுமை. கட்டில், நாற்காலி, வாள், கேடயம் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். இந்தக் கோட்டைக்குக் கொடுக்கும் காசு மேல்தளத்துக்குத்தான். சன்னலில் நின்று மேற்கே பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் காஸ்திலியோனே ஃபல்லெத்தோ, அதற்கும் பின்னால் உயரத்தில் லா மொர்ரா. நாம் நிற்கும் பக்கத்து மண்ணும் லா மொர்ரா பக்கத்து மண்ணும் வேறு வேறு. செர்ரலுங்கா பக்கம் பழைய படிவு, மணற்கல் அடுக்குகள் ஊடாடிய வெளிறிய சுண்ணாம்பு மண். லா மொர்ரா, பரோலோ பக்கம் அதைவிடப் பிந்தியது, நீலச்சாம்பல் நிறக் களிச்சுண்ணாம்பு. வரப்போரம் ஒரு கட்டியைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒன்று நறநறவென்று உதிரும், மற்றது சவ்வுபோல விரலில் ஒட்டும். ஒரே நெபியோலோ திராட்சைதான். ஆனாலும் செர்ரலுங்கா ஒயின் துவர்ப்பேறி, வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும். லா மொர்ரா ஒயினில் வாசனை முந்திக்கொண்டு வரும், இளமையிலேயே வாய்க்கு இணங்கும். இதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடும்.

பரோலோ கோட்டைக்குள் இருப்பது விமு என்ற ஒயின் அருங்காட்சியகம். 2010-இல் திறந்தது, வடிவமைத்தவர் பிரான்சுவா கொன்ஃபினோ. மேல்மாடியில் தொடங்கிக் கீழே இறங்கி வரவேண்டும். நிலவு, வெயில், பருவம் என்று விளக்கும் ஒளியுமாக மேல்தளங்கள் ஒரு மேடை நாடகம்போல இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒயினைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று போனால் கை நிறையாது. நமக்குப் பிடித்தது அதற்குக் கீழே உள்ள பழைய அறைகள். பரோலோவின் கடைசிச் சீமாட்டி ஜூலியா ஃபல்லெத்தி 1864-இல் வாரிசின்றி இறந்தார். அவர் ஆதரித்த எழுத்தாளர் சில்வியோ பெல்லிக்கோவோடு தொடர்புடைய நூலகம் இங்கே இருக்கிறது. கோட்டையை ஊராட்சி 1970-இல் வாங்கியது. ஒரு மணி நேரம் போதும். மழை நாளுக்கோ உச்சிவெயிலுக்கோ ஒதுக்கி வையுங்கள். தெளிந்த காலை வேளையை இதற்குள் கழிப்பது வீண். குளிர்காலத்தில் சில வாரம் மூடிவிடுவார்கள்.

அதே கோட்டையின் நிலவறையில் உள்ள ஊர்ப் பொது ஒயின் கூடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இதை எனோதேகா என்பார்கள். தங்கள் ஒயினுக்குப் பரோலோ என்று பெயர் போட உரிமையுள்ள ஊர்கள் மொத்தம் 11. அந்த ஊர்களின் ஒயின்கள் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கும், சிறு அளவாக வாங்கிச் சுவைக்கலாம். முதல் நாள் எந்தத் தனித் தோட்டத்துக்கும் போகாமல் இங்கே வாருங்கள் என்பதுதான் எங்கள் முக்கிய யோசனை. தோட்டத்தில் அந்த ஒரு குடும்பத்தின் ஒயினை மட்டும் ஊற்றுவார்கள், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே ஒப்பிடலாம். கேட்க வேண்டிய முறை இது: ஒரே ஆண்டு, இரண்டு ஊர். ஒன்று செர்ரலுங்கா, மற்றது லா மொர்ரா அல்லது வெர்தூனோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி ஒரு வாய். இதைவிடச் சிறந்த பாடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

கோப்பையைப் பார்த்ததும் பலர் ஏமாந்துபோவார்கள். பரோலோ கருஞ்சிவப்பாக இருக்காது. வெளிறிய செம்மை, ஓரத்தில் செங்கல் நிறம். லேசான ஒயின்போல என்று நினைத்து விழுங்கினால், கடுக்காயைக் கடித்ததுபோல ஈறெல்லாம் இறுகும். அது குறை அல்ல, நெபியோலோவின் குணம். சட்டப்படி பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். பறித்த ஆண்டின் நவம்பர் 1-இலிருந்து கணக்கு. அதாவது 2021-இல் பறித்தது 2025 ஜனவரிக்கு முன் விற்பனைக்கு வர முடியாது. ரிசெர்வா என்ற கூடுதலாக முதிரவைத்த வகை என்றால் 62 மாதம். விற்பனைக்கு வந்த புதிதில் துவர்ப்பு உச்சத்தில் இருக்கும். அதனால் கூடத்தில் அதைவிட இரண்டு மூன்று ஆண்டு பழையது கிடைக்குமா என்று கேளுங்கள்.

லா மொர்ரா 513 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சியிலுள்ள சதுக்கத்திலிருந்து பரோலோ நாடு முழுவதும் தெரியும். இங்கே கோட்டை இல்லை, சதுக்கத்தின் பெயரில் மட்டும் மிச்சம். லா மொர்ராவிலிருந்து பரோலோவுக்கு நடந்து இறங்குங்கள். தோட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய இரண்டு மணி நேர நடை. எதிர்த்திசையில் போனால் 200 மீட்டருக்கு மேல் ஏற்றம், நிழல் கிடையாது. வழியில் சற்று விலகினால் புரூனாத்தே சரிவில் பளிச்சென்று வண்ணம் அடித்த சிற்றாலயம் ஒன்று வரும். 1914-இல் தோட்ட வேலையாட்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது. 1999-இல் ஓவியக் கலைஞர்கள் சோல் லெவிட் வெளியேயும் டேவிட் டிரெம்லெட் உள்ளேயும் வண்ணம் தீட்டினார்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் கட்டாயம் நில்லுங்கள். ஒரே எச்சரிக்கை மழை. முதல் நாள் மழை பெய்திருந்தால் இந்த நடையை விட்டுவிடுங்கள். அந்தக் களிமண் செருப்பில் அப்பி அடிக்கு அடி கனக்கும், இறக்கத்தில் வழுக்கும்.

கிரின்ட்ஸானே கவூர் கோட்டையில் இத்தாலியை ஒன்றாக்கிய தலைவர்களில் ஒருவரான கவூர் தங்கியிருந்தார். 1832 முதல் 1849 வரை ஊர்த்தலைவராகவும் இருந்தார். முகமூடிக் கூடம் என்ற அறையின் மரக் கூரையில் வரைந்த சிறு ஓவியங்களை அண்ணாந்து பார்க்கத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நவம்பரில் வெள்ளை டிரஃபிள் என்ற வாசனையான நிலத்தடிக் காளானின் உலக ஏலம் இங்கேதான் நடக்கும், அந்த நாளைத் தவிர்த்து வாருங்கள். காஸ்திலியோனே ஃபல்லெத்தோ கோட்டை தனியார் சொத்து, வெளியே நின்று பார்ப்பதோடு சரி. வெர்தூனோ கோட்டை தங்கும் விடுதி. 1838-இல் அரசர் கார்லோ அல்பெர்த்தோ வாங்கியது. அங்கே பரோலோவைவிட, மிளகு மணக்கும் பெலவெர்கா என்ற உள்ளூர் ஒயினைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு நாள் ஆல்பாவின் மறுபக்கம், பர்பரெஸ்கோவும் நெய்வேயும். பர்பரெஸ்கோ கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு இதுதான் வசதியான உச்சி. கீழே தனாரோ ஆறு வளைந்து போவது அப்படியே தெரியும். அருகிலுள்ள பழைய தேவாலயம் இப்போது ஒயின் கூடம்.

தனித் தோட்டங்களுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், கதவு திறக்காது. பெரும்பாலும் குடும்பமாக நடத்துகிறவர்கள், கொடிக்கு இடையே வேலையில் இருப்பார்கள். நிலவறை சுற்றிக்காட்டி மூன்று முதல் ஐந்து வகை ஊற்ற, தலைக்கு 20 முதல் 40 யூரோ வரை சாதாரணம். ஞாயிறு பல இடங்களில் விடுமுறை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களிலும், செப்டம்பர் நடுவில் தொடங்கும் அறுவடை நாட்களிலும் இடம் கிடைப்பது கடினம்.

வண்டி ஓட்டுகிறவருக்கான கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வகை, தலா 50 மில்லி என்றால் கால் லிட்டர். 14.5 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 29 கிராம் ஆல்கஹால். இத்தாலியில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரே அமர்வில் அதைத் தாண்டிவிடலாம். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு வரம்பு பூஜ்யம். எல்லா இடத்திலும் துப்புவதற்குக் குவளை வைத்திருப்பார்கள், பயன்படுத்தினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இல்லையென்றால் ஒரு நாள் ஓட்டுநரை அமர்த்துங்கள். டூரினிலிருந்து ஆல்பா வரை ரயில் உண்டு, அதற்கு மேல் குன்றுகளுக்குப் பேருந்து குறைவு. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வண்டியை ஊர் மதிலுக்கு வெளியே விடுங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சளில் விடாதீர்கள்.

சாப்பாட்டில் மரக்கறிக்காரர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். ப்ளின் என்ற சிறு கொழுக்கட்டைக்குள் இறைச்சி. பாஞ்ஞா கவ்தா என்று காய்கறி தோய்த்துச் சாப்பிடும் பூண்டுக் குழம்பில் நெத்திலி வகை மீன். ரிசொத்தோ இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம், கேட்டுத்தான் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடலாம் என்றால் தாயரின் இருக்கிறது. மாவில் மஞ்சள்கருவை அள்ளிக் கொட்டி நூலாக நறுக்கிய பாஸ்தா. வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் அதன்மேல் வெள்ளை டிரஃபிளைச் சீவுவார்கள். அது கிராம் கணக்கில் தனி விலை. சீவுவதற்கு முன்னும் பின்னும் கண்ணெதிரே தராசில் வைக்க வேண்டும், கிராம் விலையை முதலிலேயே கேளுங்கள். சமைத்தால் வாசனை ஓடிவிடும் என்பதால் சூடான பாஸ்தாவின்மேல் பச்சையாகச் சீவுவதே முறை. டிரஃபிளுக்காக வருகிறவர்களுக்கு இன்னொரு சேதி: அந்த மாதங்களில் பள்ளத்தை மூடுபனி நிறைத்துவிடும், காட்சி பல நாள் கிடைக்காது. குன்றுகளைப் பார்க்க வேண்டும் என்றால் மே, ஜூன்.

ஒயின் வாங்குவதை கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் பாட்டில் அரை நாள் கிடந்தால் கெட்டுவிடும். இந்தியாவுக்குத் தீர்வையில்லாமல் தலைக்கு 2 லிட்டர் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது சேர்ந்தால் 2.25 ஆகி வரம்பு தாண்டும். இரண்டையும் ஒரே ஆண்டில் எடுங்கள், ஒன்று செர்ரலுங்கா, ஒன்று லா மொர்ரா. லா மொர்ராவை முதலில் திறங்கள்.