ஆத்தங்குடிக் கல், கோரைப்பாய், ஆறு வருடம்

2019-ல் திருச்சியில் வீடு கட்டியபோது கூடத்துக்கும் இரண்டு அறைகளுக்கும் ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் சிமெண்ட் டைல், போட்டோம். பூ டிசைன் எதுவும் இல்லை. காவிச் சிவப்பில் வெறும் கல், சுவரோரம் மட்டும் கறுப்பு பார்டர். சோபா வாங்கவில்லை, கோரைப்பாய், இரண்டு திண்டு, ஒரு மர அலமாரி, அவ்வளவுதான் கூடம். புதிதில் எந்தத் தரையும் அழகாகத்தான் இருக்கும் என்பதால் ஆறு வருடம் பொறுத்து எழுதுகிறேன்.

கல் வாங்க காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடிக்கே போனோம். பட்டறையில் ஒருவர் கண்ணாடிப் பலகையைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்தார். டிசைன் கல் என்றால் சட்டத்துக்குள் தகர அச்சு ஒன்று இறங்குகிறது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கரண்டியால் சிமெண்டுச் சாயக் குழம்பை ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குகிறார், வண்ணங்கள் கலப்பதில்லை. மேலே மணலும் சிமெண்டும் கலந்த உலர் தூளைத் தூவுகிறார், அப்புறம் ஈரக் கலவை. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியில் படிந்த பக்கம்தான் நாம் நடக்கும் பக்கம்; வழவழப்பு அங்கிருந்து வருகிறது.

சூளை இல்லை என்பதற்காக ‘இயற்கைத் தரை’ என்று விற்கிறார்களே, அதை அப்படியே நம்ப வேண்டாம். கல்லில் சிமெண்ட் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுட்டுத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். நூறு கிலோமீட்டர் சுற்றுக்குள் செய்த கல், கையால் செய்த கல், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது அறுபது வருடம் பெயர்க்க வேண்டாத கல். செட்டிநாட்டு வீடுகளில் அதற்குச் சாட்சி இருக்கிறது. என் கணக்கில் லாபம் அதுதான்.

பதிப்பதில்தான் சிக்கல். எங்களுக்கு வந்த மேஸ்திரிக்கு விட்ரிஃபைடு டைல்ஸ்தான் பழக்கம். வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் கேனோடு வந்து நின்றார். நல்லவேளை, அன்று நான் வீட்டில் இருந்தேன். இந்தக் கல்லில் ஆசிட் பட்டால் மேல்தோலே போய்விடும். உமியைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தடவினோம். கல் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பதிக்கும் கூலியும் இந்தத் தேய்ப்பும்தான் கையைக் கடித்தன.

முதல் ஐப்பசி மழையில் தரை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்தது. பணமெல்லாம் வீணாயிற்று என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. துடைக்கத் துடைக்கக் குறைந்து, மூன்றாம் வருடம் நின்றேபோயிற்று. நான்காம் வருடத்திலிருந்து மினுமினுப்பு ஏறத் தொடங்கியது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை: வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழி மட்டும் ஒரு ஓடை மாதிரி பளபளக்கிறது.

தினமும் வெறும் தண்ணீரில் துடைப்போம். வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரில் ஒரு மூடி தேங்காய் எண்ணெய். அதற்கு மேல் ஊற்றினால் வழுக்கும், தூசியும் ஒட்டும். சமையலறைக்கு இந்தக் கல் வேண்டவே வேண்டாம். பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று ஒரு ராத்திரி கூடத்தில் கவிழ்ந்து கிடந்தது. அந்த இடத்தில் நாலணா அளவு வட்டமாக மங்கிப்போன தழும்பு இன்றும் இருக்கிறது. ஃப்ரிட்ஜை இழுத்த கோடும் அப்படியே.

காலி அறைக்கு ஒரு குறை உண்டு, யாரும் முன்னாடியே சொல்வதில்லை: எதிரொலி. குக்கர் விசில் கூடத்தில் இரண்டு தடவை கேட்கும். பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்து, கனமான பருத்தித் திரை போட்டபிறகு அடங்கியது. கோரைப்பாய் இரண்டு வருடத்தில் ஓரம் பிரியும். இப்போது மூன்றாவது பாய். பழசில் அத்தை வடகம் காயவைக்கிறார். ஆனால் தரையில் உட்கார்ந்து எழுவது அவருக்கு முடியாமல் போய்விட்டது. “உங்க சிம்பிள் வாழ்க்கைக்கு என் முட்டியா கெடச்சுது?” என்றார். மறுநாளே இரண்டு மர நாற்காலிகள் வந்தன, காலுக்கு ரப்பர் மூடியோடு. சித்திரை மதியங்களில் மட்டும் அவரும் வெறுந்தரையில்தான் படுக்கிறார். அப்போது முட்டியைப் பற்றிப் பேச்சு வராது.

வாங்குகிறவர்கள் இருபது கல்லாவது கூடுதலாக வாங்கி வையுங்கள். கைவேலை என்பதால் அடுத்த முறை அதே சிவப்பு கிடைக்காது. போன வருடம் குழாய் வேலைக்காக ஒரு கல்லை உடைத்து, மாடிப்படிக்கு அடியில் கிடந்ததில் ஒன்றைப் பதித்தோம். ஒரே நாளில் வாங்கிய கல்தான், ஆனாலும் நடுவில் அது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி தனியாகத் தெரிகிறது. அத்தை நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தலைக்குத் தடவிய மிச்ச எண்ணெயை உள்ளங்காலில் தடவி, அந்தக் கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.