வளர்ப்புக் கூடாரத்தின் மணத்தை அடக்குதல்: கரி வடிகட்டியும் அதற்குப் போட்டியான வழிகளும்

வீட்டினுள் கூடாரம் அமைத்து விளக்கொளியில் செடி வளர்ப்பவர்கள், ஒளிக்கும் உரத்துக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட மணத்துக்குக் கொடுப்பதில்லை. லாவண்டர், ரோஸ்மேரி, பேசில் ஆகியவற்றின் மணம் தனித்தனியே நுகரும்போது இனிமையானதுதான். அதுவே ஈரமான வளர்ப்பு ஊடகத்தின் வாடையோடும் திரவ உரத்தின் நெடியோடும் கலந்து, மூடிய வீட்டில் நாள் முழுதும் சுற்றிவரும்போது எவருக்கும் சலித்துவிடும். இதற்குச் சந்தையில் கிடைக்கும் வழிகளை ஆராய்ந்து, நான் இறுதியில் தேர்ந்தெடுத்தது கூடாரத்தின் உள்ளே தொங்கும், கரியை மாற்றி நிரப்பக்கூடிய கார்பன் ஃபில்டரைத்தான். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ளமாட்டேன்.

எளிதில் விலக்கக்கூடியவற்றை முதலில் பார்த்துவிடலாம். மணமூட்டும் ஜெல்களும் தெளிப்பான்களும் எந்த மணத்தையும் நீக்குவதில்லை. இன்னொரு மணத்தை அதன்மேல் ஏற்றுகின்றன. அவற்றைக் கூடாரத்தின் உள்ளே வைத்தால், அருகிலிருக்கும் கரி அந்த ஜெல்லின் ஆவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரைவில் நிறைந்துவிடும் என்பது கூடுதல் நட்டம். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கவல்லது. ஆனால் மணம் என்பது துகளன்று, வாயு நிலையில் உள்ள மூலக்கூறு. அது ஹெப்பாவின் இழைகளிடையே தடையின்றிப் புகுந்துவிடும். அயனியாக்கிகளும் தூசுக்கு மின்னேற்றம் தந்து அதைச் சுவரில் படியவைப்பவையே. வாயுக்களை அவை பொருட்படுத்துவதில்லை. சன்னல் வழியே காற்றை நேராக வெளியேற்றிவிடுவது மலிவான வழி. ஆனால் நம் வீட்டு மணத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதைத் தீர்வு என்று சொல்ல முடியாது.

ஓசோன் கருவியை இப்படி ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. காரணம், அது உண்மையிலேயே மணத்தை அழிக்கிறது. செடிகளின் மணத்துக்குப் பெரும்பாலும் காரணமான டெர்பீன்களின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்கி உடைக்கிறது. சிக்கல் உடைந்தபின் எஞ்சுவதில் இருக்கிறது. லிமோனீன், பினீன் போன்ற டெர்பீன்களோடு ஓசோன் வினைபுரியும்போது ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உருவாகின்றன. மூக்குக்கு எட்டும் மணம் குறைகிறது, நுரையீரலுக்குள் செல்லும் தீங்கு கூடுகிறது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான செறிவில் ஓசோன் உட்புற மாசுகளை நீக்கும் திறன் மிகக் குறைவு என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. மணத்தை அடக்கப் போதுமான அளவுக்குக் கருவியை முடுக்கினால், அந்த அறையில் மனிதர் இருக்கக்கூடாது. செடிகள் இருப்பதும் நல்லதன்று, ஏனெனில் ஓசோன் இலைகளில் புள்ளிப்புள்ளியாகக் கருகலை உண்டாக்கும். ரப்பர் வளையங்களிலும் அது வெடிப்புகளை உண்டாக்கும். ஓசோனையும் கரியையும் சேர்த்துப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கரி ஓசோனைச் சிதைத்துவிடும், அந்த முயற்சியில் தானும் கெடும். ஆகவே ஒன்றின் வேலையை மற்றொன்று வீணாக்குவதுதான் மிச்சம். ஆளில்லாத வெற்றுக் கூடாரத்தை அறுவடைக்குப்பின் ஒருமுறை தூய்மைப்படுத்த ஓசோன் பயன்படலாம். அதற்கு அப்பால் அதைப் பரிந்துரைக்க என்னிடம் காரணமில்லை.

இனி கரிக்கு வருவோம். கரி வடிகட்டி என்பது உருளை வடிவ உலோகக் கூட்டின் சுவரில் கரியை நிரப்பியது; விசிறி ஒன்று காற்றை அந்தக் கரியினூடே செலுத்துகிறது. செயலூட்டிய கரி, அதாவது நுண்துளைகள் பெருகும்படி பதப்படுத்திய கரி, மணத்தை உறிஞ்சுவதில்லை, தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஒரு கிராம் கரியில் 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை உட்பரப்பு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பரப்பின் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளின் சுவர்களில்தான் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் கரியில் இத்தகைய நுண்துளைகள் மிகுதி. அது கெட்டியாகவும் இருப்பதால் உரசித் தூளாவது குறைவு. டெர்பீன்கள் ஓரளவு பெரிய, கொதிநிலை உயர்ந்த மூலக்கூறுகள் என்பதால் இத்துளைகளில் எளிதாகச் சிக்கிக்கொள்கின்றன. செடி மணத்துக்குக் கரி இவ்வளவு பொருந்திவருவதற்கு இதுவே காரணம்.

அளவுப் பொருத்தம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, கணக்கு நேரானது. 1.2 மீட்டர் நீளமும் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட கூடாரத்தின் கனஅளவு 2.88 கனமீட்டர். நிமிடத்துக்கு ஒருமுறை காற்று மாறவேண்டுமெனில் மணிக்கு ஏறத்தாழ 170 கனமீட்டர் ஓட்டம் தேவை. 150 மில்லிமீட்டர் உள்விட்டமும் 40 மில்லிமீட்டர் கரித்தடிப்பும் 400 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வடிகட்டியில் சுமார் 9.5 லிட்டர் கரித்தளம் அமையும். அந்த ஓட்டத்தில் காற்று கரியோடு 0.2 விநாடி தொடர்பில் இருக்கும். விசிறியின் வேகத்தை இரட்டித்தால் அது 0.1 விநாடியாகச் சுருங்கிவிடும். ஆகவே பெரிய விசிறியைச் சிறிய வடிகட்டியில் பூட்டுவதைவிட, பெரிய வடிகட்டியில் அளவான விசிறியைப் பூட்டி மெதுவாக ஓட்டுவதே மேல், இரைச்சலும் குறையும்.

வடிகட்டியைக் கூடாரத்தின் உள்ளே தொங்கவிடுவதா, வெளியே வைப்பதா என்பதில் எனக்கு ஐயமில்லை. உள்ளே வைத்து விசிறியால் இழுக்கும்போது, விசிறியையும் குழாயையும் அடைவது ஏற்கெனவே தூய்மையான காற்று; வெளிக்குழாயின் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் கெடுதலில்லை. உள்ளழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவதால் கூடாரத்தின் துணிச்சுவர்கள் உள்நோக்கி லேசாகக் குழிந்து நிற்கும். அந்தக் குழிவு இருக்கும்வரை தையல் இடுக்குகள் வழியே காற்று உள்ளேதான் வரும், வெளியே போகாது. வெளியே வைத்துத் தள்ளும் முறையில் மணம் நிறைந்த காற்றே விசிறிக்கு அப்பால் அழுத்தத்தோடு குழாய்க்குள் செல்கிறது. ஒவ்வொரு இணைப்பும் கசிவுக்கு வாய்ப்பாகிறது. வடிகட்டியைப் போர்த்தியிருக்கும் முன்வடிகட்டித் துணியும் அப்போது பயனற்றுப் போகிறது, காற்று உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்வதால் தூசு முழுவதும் கரியின் உட்புறத்தில்தான் அடைகிறது. கூடாரத்தின் குறுக்குக் கம்பிகள் எடையைத் தாங்காது என்றாலோ, செடிகளுக்குமேல் இடமே இல்லை என்றாலோ மட்டும் வெளியே வைப்பது நியாயம். விசிறியோடு சேர்த்து வடிகட்டியை உள்ளேயே வைத்துக் காற்றைச் சுழலவிடும் முறையும் உண்டு. மணத்தின் அடர்த்தியை அது குறைக்கும், ஆனால் கூடாரத்திலிருந்து கசிவதைத் தடுக்காது.

இவையெல்லாம் தொடக்கநாள் தேர்வுகள். உண்மையான வேறுபாடு பராமரிப்பில்தான் வெளிப்படுகிறது. வாங்குவதற்கு முன் யாரும் கேட்காத கேள்வியும் அதுவே. மூடி முத்திரையிட்ட வடிகட்டி, கழற்றி நிரப்பக்கூடிய வடிகட்டி என்று இரு வகைகள் உள்ளன. முதல் வகை விலை குறைவு, எடையும் பெரும்பாலும் குறைவு, தொழிற்சாலையில் அதிர்வூட்டிக் கரியை நெருக்கமாக நிரப்பியிருப்பார்கள். கரி தீர்ந்ததும் உலோகக் கூடு உட்பட முழுவதையும் எறியவேண்டியதுதான். இரண்டாம் வகையில் ஒருபக்க மூடியைத் திருகிக் கழற்றிப் பழைய கரியைக் கொட்டிவிட்டுப் புதியதை நிரப்பலாம். கடையில் ஒரு வடிகட்டி 12 முதல் 18 மாதம் உழைக்கும் என்பார்கள். அந்த எண்ணை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. கரியின் ஆயுளைத் தீர்மானிப்பது மாதக்கணக்கன்று, ஈரப்பதம்.

ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற அளவு) 60, 70 சதவீதத்தைத் தாண்டும்போது கரியின் நுண்துளைகளில் நீராவி நீராக மாறித் தங்கத் தொடங்குகிறது. மணமூலக்கூறு அமரவேண்டிய இடத்தில் நீர் அமர்ந்துவிடுகிறது. காற்றில் மணத்தின் செறிவு குறைவாக இருக்கும்போது இந்தப் போட்டியில் நீரின் கை இன்னும் ஓங்குகிறது; வளர்ப்புக் கூடாரத்தின் நிலை பெரும்பாலும் அப்படித்தான். விளக்கு அணைந்தபின் கூடாரம் குளிர்கிறது, செடிகளும் ஊடகமும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கின்றன, ஒப்பு ஈரப்பதம் ஏறுகிறது. பலரும் சரியாக அந்த நேரத்தில்தான் இரைச்சலுக்கு அஞ்சி விசிறியைக் குறைக்கிறார்கள். பகல் முழுதும் மணமில்லாமல் இருந்த கூடாரம் இரவில் மணப்பதற்கு இது முக்கியக் காரணம். வடிகட்டி தீர்ந்துவிட்டது என்று எறிவதற்குமுன், ஈரத்தில் திணறுகிறதா என்று பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். உலர்ந்த காற்றைத் தொடர்ந்து செலுத்தினால் நீர் பெரும்பாலும் வெளியேறிக் கரி தேறிவிடும். டெர்பீனால் நிறைந்த கரி அப்படித் தேறாது. வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெயில் ஈரத்தை எடுக்கும், அவ்வளவே. தொழிற்சாலையில் கரியை மீட்டெடுப்பது 800 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் நீராவியைச் செலுத்தி நடக்கும் வேலை. வீட்டு அடுப்பில் அதற்கு முயல்வது வீண். புகையும் தீ ஆபத்தும்தான் பலன்.

உள்ளே, உச்சியில் தொங்கவிடுவதற்கு ஆதரவான வலுவான வாதமும் இந்த ஈரக்கணக்கிலிருந்துதான் வருகிறது. 22 பாகை செல்சியஸில் 65 சதவீத ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்று, அதே அளவு நீராவியோடு 27 பாகைக்குச் சூடேறினால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 48 சதவீதமாகக் குறைகிறது. விளக்குக்கு அருகிலுள்ள மேற்பகுதியில் வடிகட்டி இருந்தால் அந்தச் சூடான, கரிக்கு உகந்த காற்று அதற்குக் கிடைக்கிறது. குளிர்ந்த அறையில் வெளியே வைத்தால், குழாயில் போகும்போதே காற்று குளிர்ந்து, கரியை அடைகையில் ஈரப்பதம் மீண்டும் ஏறியிருக்கும். வெப்பம் மிகுந்தாலும் கரியின் பிடிப்புத் திறன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கூடாரங்களில் காணும் வெப்பநிலைகளில் ஈரம் செய்யும் கெடுதலோடு ஒப்பிட்டால் அது சிறியது.

நிரப்பும் வகையின் குறையையும் மறைக்கக்கூடாது. கையால் நிரப்பிய கரி நாளடைவில் படிந்து தாழும். வடிகட்டி கிடைமட்டமாகத் தொங்கினால் மேற்பக்கம் நீளவாக்கில் ஓர் இடைவெளி உண்டாகும். வேலியில் விழுந்த ஓட்டை வழியே மாடு நுழைவதுபோல் காற்று எதிர்ப்புக் குறைந்த அந்தத் தடத்தையே தேடிப்போகும், மீதமுள்ள கரி புத்தம்புதியதாக இருந்தும் மணம் அப்படியே வெளியேறும். இதற்காகவே நிரப்பும்போது சிறிது சிறிதாகக் கொட்டி, கூட்டைச் சுற்றிலும் தட்டி, படிந்தபின் மேலும் நிரப்பி, மூடியை இறுக்கவேண்டும். சில வாரங்கள் ஓடியபின் திறந்து குறைவை ஈடுசெய்யவேண்டும். 9.5 லிட்டர் கூட்டுக்கு 4.5 கிலோ அளவில் கரி பிடிக்கும். அதற்குச் சற்று அதிகமாகவே வாங்கிவைப்பது நல்லது. கரித்தூள் எங்கும் படியும் என்பதால் இந்த வேலையைத் திறந்தவெளியில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்யவேண்டும். இந்தச் சிரமத்தை விரும்பாதவர்களுக்கு மூடிய வகையே பொருத்தம். அதில் நான் குறைகாணமாட்டேன். ஆனால் இரண்டாம், மூன்றாம் நிரப்பலுக்குப்பின் கணக்குப் பார்த்தால் நிரப்பும் வகை முந்திவிடுகிறது, உலோகக் கழிவும் குறைகிறது.

எந்த வகையானாலும் முன்வடிகட்டித் துணியை ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை துவைத்து நன்றாகக் காயவைத்துப் போர்த்துவது கரியின் ஆயுளை நீட்டும் மலிவான வேலை. ஈரத்துணியை அவசரப்பட்டுப் போர்த்தினால் அந்த ஈரமும் கரிக்குத்தான் போகும். கரி தீர்ந்ததை அறிய நம் மூக்கை மட்டும் நம்பக்கூடாது, தினமும் அதே மணத்தில் இருப்பவரின் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வெளியிலிருந்து வருபவரை விசிறியின் வெளியேற்று முனையில் நுகரச் சொல்வது நல்ல சோதனை. முனையில் மணமில்லாமல் அறையில் மட்டும் மணம் இருந்தால் குற்றம் கரியில் இல்லை, கூடாரத்தின் கசிவில் இருக்கிறது. புதிய வடிகட்டியின் எடையைக் குறித்துவைத்து அவ்வப்போது நிறுத்துப் பார்ப்பதும் உதவுகிறது. ஆனால் கூடும் எடையில் நீர் எவ்வளவு, மணப்பொருள் எவ்வளவு என்று எடை சொல்லாது என்பதால் அதை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்கிறேன். என் பழக்கம் சிறிய, ஒற்றைக் கூடார அமைப்புகளோடுதான். பல கூடாரங்களை ஒரே குழாயில் இணைப்பவர்களுக்கு மேற்சொன்ன அளவுகளை அப்படியே பொருத்திச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

கரிக்கு எளிதில் பிடிபடாத மணமும் உண்டு. உரம் அழுகுவதால் எழும் அம்மோனியா சிறிய மூலக்கூறு. சாதாரணச் செயலூட்டிய கரியில் அது நிலைத்துத் தங்காது. செடி மணம் முழுவதும் அடங்கியபின்னும் மூக்கைத் துளைக்கும் நெடி மட்டும் மிஞ்சினால் முதலில் உரத்தையும் தேங்கிய நீரையும் கவனிக்கவேண்டும். அதன்பின்னும் தேவைப்பட்டால் பாஸ்போரிக் அமிலம் ஏற்றிய கரி அம்மோனியாவை வேதிவினையால் பிணைத்துப் பிடிக்கும். அத்தகைய கரியை வழக்கமான கரியோடு வேண்டிய அளவில் கலந்து நிரப்பிக்கொள்ளும் வசதி, திறந்து மூடக்கூடிய கூட்டில் மட்டுமே இருக்கிறது.