பல் பிடுங்கிய அன்றே இம்பிளாண்ட் போட்டுக்கொள்ளும் முன்

தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் நான், சென்ற ஆண்டு எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் பல் கிளினிக்கில் பணத்தையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் பறிகொடுத்தேன். இன்று பல்வலியோடு அப்படியொரு நாற்காலியில் உட்காரப்போகிறவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். இம்பிளாண்ட் என்பது, போன பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் இறக்கும் திருகு.

கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்து, கன்னம் வீங்கிய நிலையில் போனேன். சிறிய எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்துவிட்டு, பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். அந்த முடிவில் எனக்கு இன்றும் குறையில்லை. பல்லை எடுத்த பிறகு, பஞ்சைக் கடித்தபடி, உதடு மரத்துப் பேச முடியாமல் சாய்ந்திருந்தபோதுதான், "இன்றைக்கே இம்பிளாண்ட் போட்டால் 28,000 ரூபாய் சார், இன்னொரு நாள் வந்தால் 45,000 ஆகும், அதற்குள் எலும்பும் கரைந்துவிடும்" என்று சொல்லி, கையெழுத்துப் போட ஒரு தாளையும் நீட்டினார்கள். வெளியே காத்திருந்த என் மனைவி பயந்துபோய் ஏடிஎம்முக்கு ஓடினார். எனக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதை யாரும் கேட்கவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. சீழ் இருந்த அதே குழியில் டைட்டானியம் திருகை இறக்கி, பத்தாம் நாள் அதன்மேல் பல் வடிவிலான கேப்பையும் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஏழாவது வாரத்தில் ஒரு காலை, இட்லி மெல்லும்போதே கேப் அசைந்தது. நாக்கால் தள்ளிப் பார்த்தால் ஈறுக்குள்ளிருந்து உப்புக் கரிக்கும் நீர் கசிந்தது. கிளினிக்கில் இரண்டே சுற்றில் திருகு கையோடு வந்துவிட்டது. பஞ்சில் வைத்துக் கொடுத்தபோது பார்த்தேன்: மரைகளில் எலும்புத் துணுக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. "உங்கள் உடம்பு ஏற்கவில்லை" என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

பிறகு கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் காலம் என்பது இந்தச் சிகிச்சையில் எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. பல் எடுத்த அன்றே திருகு பொருத்துவது தவறான முறையன்று. குழியின் சுவர்கள் உடையாமல், கடுமையான சீழ் இல்லாமல், திருகு முதல் நாளிலேயே எலும்பை இறுகப் பற்றும் நிலை இருந்தால், குறிப்பாக முன்பற்களில், அதைச் செய்கிறார்கள். இரண்டு வேர்கள் விட்டுச்சென்ற அகலமான குழியும், உள்ளே சீழும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஒன்றுசேர்ந்த என் வாய் அதற்கு ஏற்றதாக இல்லை. பலருக்கு ஈறு மூடுவதற்காக நான்கு முதல் எட்டு வாரமும், எலும்பு ஓரளவு நிரம்புவதற்காக மூன்று, நான்கு மாதமும் பொறுத்திருந்து பொருத்துகிறார்கள். அதன் பிறகும் திருகோடு எலும்பு ஒட்டி வளர்வதற்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடையில் அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். எனக்குப் பத்தாம் நாளே கேப் மாட்டியதால், ஒட்ட வேண்டிய திருகு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஆட்டம் கண்டிருக்கிறது.

எலும்பு கரையும் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதைக் காட்டி அன்றைக்கே அவசரப்படுத்தியதுதான் ஏமாற்று. முதல் ஓராண்டில் பல் இருந்த இடத்தில் தாடை எலும்பின் அகலம் ஏறத்தாழ பாதி வரை குறையலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது. ஆனால் அது சில வாரங்கள் யோசிக்க இடம் தராத வேகமில்லை. அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. என் மைத்துனர் மேல்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு ஆறு ஆண்டுகள் சும்மா இருந்தார். பக்கத்துப் பல் சாய்ந்து, கீழ்ப்பல் மேலெழும்பி, மேல்தாடைக்கு மேலே உள்ள சைனஸ் காற்றறையும் இறங்கிவிட்டதால், எலும்பு நிரப்பும் அறுவைச் சிகிச்சை இல்லாமல் திருகு பொருத்த முடியாது என்றார்கள்.

ஆகவே, பல் எடுப்பதற்கு முன்பே, வாய் மரக்காத நிலையில் கேளுங்கள். ஏன் இன்றே, ஏன் மூன்று மாதம் கழித்து இல்லை என்பதற்கு உங்கள் எலும்பைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும். விலையைக் காட்டிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுப்பார்களா, மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். திருகின் நிறுவனப் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை ரசீதோடு கையில் வாங்குங்கள்.

நான்கு மாதம் காத்திருந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு மறுபடி போட்ட திருகு இப்போது உறுதியாக இருக்கிறது. கட்டிய பணத்துக்காக நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், இதே நிலையில் இருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். அந்த ஒட்டுச்சீட்டைக் கிளினிக் தர மறுத்துவிட்டதால், முதலில் என் தாடையில் இறக்கியது எந்த நிறுவனத்தின் திருகு என்பதை மனுவில் என்னால் எழுத முடியவில்லை.