இஓஸ்டேட் எக்ஸ்போஷர் ஓடி: ஒவ்வோர் அடுக்கையும் பார்க்கும் கேமரா எந்த அளவுக்கு நம்பகமானது?

உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகப் பாகம் எழுப்பும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. நாற்பது மணி நேரம் ஓடிய வேலையை, பாகங்கள் எழும்பிய அடித்தகட்டிலிருந்து அறுத்தெடுத்து, சிடி ஸ்கேனுக்கு அனுப்பிய பிறகுதான் உள்ளே நுண்துளைகள் இருப்பது தெரியவரும். கண்காணிப்பு வசதி இல்லாத பழைய இயந்திரம் ஒன்றில், ஆர்கான் வாயுச் சுழற்சியின் வடிகட்டி அடைபட்டு வந்ததை நாங்கள் கவனிக்கத் தவறியதால், ஒரு தகடு நிறைய இருந்த பாகங்களைக் கழிவில் போட நேர்ந்தது. அந்த இழப்புக்குப் பிறகுதான், அச்சிடும்போதே ஒவ்வோர் அடுக்கையும் கண்காணிக்கும் கருவிகளை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினேன்.

மியூனிக் அருகே கிரைலிங்கில் இயங்கும் இஓஎஸ் நிறுவனத்தின் எம் 290 இயந்திரம், 250 × 250 × 325 மில்லிமீட்டர் வேலைப்பரப்பும் 400 வாட் ஃபைபர் லேசரும் கொண்டது. அதற்கான இஓஸ்டேட் கண்காணிப்புத் தொகுப்பில் முதன்மையானது எக்ஸ்போஷர் ஓடி (OT, அதாவது ஆப்டிகல் டோமோகிராஃபி). விமான எஞ்சின் நிறுவனமான எம்டியு-வுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட முறை இது. ஏர்பஸ் ஏ320நியோவின் எஞ்சினுக்கான பாகங்களைத் தொடர் உற்பத்தியாக அச்சிட்டு வந்த எம்டியு-வுக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் சான்று காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது. அறையின் மேலே பொருத்திய கேமரா, ஓர் அடுக்கை லேசர் வரைந்து முடிக்கும் வரை எழும் அகச்சிவப்பு ஒளியைத் திரட்டி, அந்த அடுக்குக்கு ஒரே வெப்பப் படமாகத் தருகிறது.

இந்த எளிமையே இதன் பலம் என்பேன். வாயு ஓட்டம் தளர்ந்தால் உருகும் இடத்திலிருந்து எழும் புகை லேசரின் பாதையிலேயே தங்கி ஆற்றலின் ஒரு பகுதியை மறைத்துவிடும். படத்தில் அந்தப் பக்கத்துப் பாகங்கள் மங்கித் தெரியும். கீழே திடப்பொருள் இல்லாமல் வெறும் தூளின் மீது நீளும் விளிம்புகளில் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும்; அங்கே படம் பளிச்சென்று ஒளிரும். முன்பெல்லாம் அனுபவத்தால் ஊகித்த இந்த இரண்டையும், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரையில் காட்டி, இயந்திரத்தை நிறுத்தலாமா தொடரலாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பை இது தருகிறது. எங்கள் வடிகட்டி அடைப்பு போன்ற மெதுவான சீரழிவுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இது சிடி ஸ்கேனுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படத்தின் ஒரு பிக்சல் தூள்படுகையில் ஏறத்தாழ 0.125 மில்லிமீட்டரைக் குறிக்கிறது; லேசர் ஆழமாகத் துளைத்து விட்டுச்செல்லும் நுண்துளைகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. மேலும், ஓர் அடுக்கில் தோன்றிய குறையை அடுத்தடுத்த அடுக்குகளின் உருக்கம் மூடிவிடுவதும் உண்டு என்பதால், மென்பொருள் சிவப்புக் குறியிடும் இடமெல்லாம் குறையுள்ள இடமல்ல. எந்த அளவு விலகலுக்கு எச்சரிக்க வேண்டும் என்ற வரம்பை ஒவ்வொரு உலோகத்துக்கும், சில சமயம் ஒவ்வொரு வடிவத்துக்கும், பயனரே அச்சிட்டு, வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நிறுவ வேண்டியிருக்கிறது. விலைப்பட்டியலில் இல்லாத இந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் வாங்குவது தவறு.

உடன்வரும் பவுடர்பெட் பகுதி, தூள் பரப்பியபின் ஒன்றும் லேசர் வரைந்தபின் ஒன்றுமாகப் படமெடுத்து, தூள் போதாத இடங்களைப் பிடிக்கிறது. எல்லாரும் வாங்க வேண்டியது. லேசர் பட்டு உலோகம் உருகி நிற்கும் சிறு குளத்தின் (உருகுகுளம்) ஒளியை அளக்கும் மெல்ட்பூல் பகுதி ஆராய்ச்சிக்கூடங்களுக்கே ஏற்றது என்பது என் கருத்து.

இதுவரை சொன்னது கண்காணிப்பு. கட்டுப்பாடு இன்னொரு படி. உருகுகுளத்தின் ஒளியை அளந்து லேசர் ஆற்றலை உடனுக்குடன் திருத்தலாம் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் காட்டியிருந்தது. இஓஎஸ்-இன் ஸ்மார்ட் ஃபியூஷன், இதே வெப்பப் படங்களை வைத்து, வெப்பம் தேங்கும் இடங்களில் லேசர் ஆற்றலைத் தானே குறைக்கிறது. தொங்கும் விளிம்புகளுக்கு அடியில் சேர்த்து அச்சிட்டுப் பின்னர் அகற்றும் தாங்கிகளைக் குறைக்க முடிவது இதன் உடனடிப் பயன். இந்த மென்பொருள் இல்லாமல் கேமராவை மட்டும் வாங்குபவர் பாதிப் பயனையே பெறுகிறார்.

சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் அக்னிகுல் என்ற ராக்கெட் நிறுவனம் இஓஎஸ் இயந்திரத்தில் ஒரே துண்டாக அச்சிட்ட ராக்கெட் எஞ்சின், 2024 மே 30 அன்று பறந்தது. அத்தகைய பாகத்தின் உள்வழிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. அடுக்குவாரிப் பதிவின் மதிப்பு அங்கேதான் மிக அதிகம்.

வாங்க நினைப்பவர்கள் சேமிப்பு வசதியை முதலில் பாருங்கள். 40 மைக்ரான் அடுக்கில் முழு உயரத்துக்கு அச்சிட்டால் 8,125 அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் படங்கள். ஒப்பந்தத்துக்கு முன், வேண்டுமென்றே குறைகள் வைத்து வரைந்த ஒரு சோதனைத் துண்டை விற்பனையாளரின் இயந்திரத்தில் அச்சிடச் சொல்லி, கருவி எவற்றைப் பிடித்தது, எவற்றைத் தவறவிட்டது என்பதைச் சிடி படத்துடன் அருகருகே வைத்துக் கேளுங்கள்.