மூணாறில் ஞாயிறு மட்டும் இயங்கும் ஸ்காலர்ஷிப் மேசை: ஐந்துக்கு நாலு

தங்கச்சிக்குப் பாலிடெக்னிக்கில் சீட் கிடைத்த அன்றைக்கு அம்மா கேட்டது ஒன்றுதான்: "உனக்கு வராத பணம் இவளுக்கு மட்டும் வருமா?" நான் டிகிரி இரண்டாம் வருஷத்தோடு நின்றவள். இப்போது ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷனில் இருக்கிறேன். அந்தக் காலத்தில் நானும் ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. சொன்னவர்கள், டவுனில் ஒரு வாசகசாலையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காரும் நாலு பெண்கள். எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஃபாரம் போட்டுக் கொடுப்பதும் வேலைக்கு வழி சொல்வதும் அவர்கள் செய்வது. காசு வாங்குவதில்லை.

முதலில் போனது அங்கே இல்லை. ஒரு நெட் கடையில் 300 ரூபாய் கொடுத்தோம். தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. சரி, டைப் அடித்த கூலி என்று விட்டுவிடலாம். ஆனால் ஒன்டைம் ரெஜிஸ்ட்ரேஷனில் எங்கள் நம்பருக்குப் பதிலாகத் தன் நம்பரைப் போட்டுவிட்டார் கடைக்காரர். ஓடிபி எல்லாம் அவர் போனுக்கு. கேட்டால், "உங்க லயத்துல சிக்னலே கிடையாதே" என்கிறார். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் லைன் வீடுகளில், சிக்னல் இல்லைதான். அதற்காக?

வாசகசாலையில் காலை ஒன்பது மணிக்கே டோக்கன் வாங்கியும் எங்களுக்கு 17. நாலு பேரில் மூத்தவர் ரிட்டயர்டு ஆசிரியை, எல்லோருக்கும் டீச்சரம்மா. கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை. ஆதார், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பேங்க் பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் தங்கச்சி பெயரோடு அப்பா பெயர் முழுசாக. ஒன்றில் இனிஷியல் பின்னால். பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், நடுவில் ஒரு எழுத்தும் பிசகு. "வீட்ல மூணு பொண்ணா இருக்கீங்க?" என்றார். நம் ஆட்கள் இனிஷியலை முன்னால் போடுவோம், இங்கே ஸ்கூலில் பின்னால் போடுவார்கள், ஆதார் எடுத்தவன் அவன் இஷ்டத்துக்கு அடித்திருப்பான். தமிழ்ப் பிள்ளைகளின் விண்ணப்பம் பாதி இதிலேயே விழுந்துவிடும் என்றார்.

அடுத்துக் கேட்டது, ஆதார் எந்த பேங்க் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்று. பணம் நாம் பாஸ்புக் காட்டுகிற கணக்குக்கு வராதாம். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் போகுமாம். எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டது. போடியில் பாட்டி வீட்டில் தங்கிப் படித்தபோது திறந்த கணக்கு ஒன்று வருஷக்கணக்காகத் தொடாமல் முடங்கிக் கிடந்தது. என் ஆதார் அதில்தான் இருந்தது. பேசாமல் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

தங்கச்சிக்கு அவர்கள் எடுத்துக் கொடுத்தது பிரகதி ஸ்காலர்ஷிப்; தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தருவது. டெக்னிகல் டிகிரி, டிப்ளமோ முதல் வருஷம் சேரும் பெண் பிள்ளைகளுக்கு வருஷம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. மார்க் பார்த்துத்தான் தருவார்கள், அதனால் இப்போதே ஆடாதே என்றும் சொன்னார்கள். நெட் கடையில் இந்தப் பெயரையே யாரும் உச்சரிக்கவில்லை.

என் கணக்கில் இவர்களுடைய நிஜமான சேவை ஒரு நீளமான நோட்டு. யார் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தேதியோடு அதில் இருக்கும். நாம் அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். காலேஜில் ஸ்காலர்ஷிப்புக்குப் பொறுப்பான நோடல் ஆபீசர் போர்ட்டலில் சரிபார்த்து அனுப்பாவிட்டால் அது அங்கேயே செத்துவிடும். "இன்னைக்கு ஆபீஸ்ல போய் நில்லு" என்று தங்கச்சிக்கு இரண்டு தடவை போன் வந்தது. நின்றாள். நகர்ந்தது.

அம்மா 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர் பெண்களின் 'பெண்கள் ஒற்றுமை' (பெம்பிளை ஒருமை) அமைப்போடு மூணாறு ரோட்டில் போனஸுக்காக உட்கார்ந்தவள். ஆபீஸ் என்றால் பயமே கிடையாது, மலையாள ஃபாரம் என்றால்தான் பயம். 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் வாங்கலாம் என்று டீச்சரம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா தன் கையெழுத்திலேயே மனு எழுதினாள். வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்து லயத்துப் பிள்ளையின் கதை இவ்வளவு சுலபமில்லை. எஸ்.சி. சான்றிதழுக்கு, 1950க்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அப்போதைய தேவிகுளம் எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் தீர்ந்தது. கொழுந்து கிள்ளின பாட்டியிடம் என்ன பத்திரம் இருக்கும்? பழைய செக்ரோல் (எஸ்டேட் ஆட்களின் வருகைப் பதிவு), பி.எஃப். சீட்டு எது கிடைத்தாலும் கொண்டு வா என்று அவளை மூன்று ஞாயிறு வரவழைத்தார்கள். இன்னும் முடியவில்லை.

ஒரு மார்க் குறைத்தது வேலை வழிகாட்டலுக்கு. அரசு வேலைக்குத் தேர்வு வைக்கும் கேரள பி.எஸ்.சி. விஷயம் அத்துப்படி: அதன் துளசி வெப்சைட்டில் புரொஃபைல் திறப்பது, தமிழில் கேள்வித்தாள் வாங்குவது, தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று வரும் கிளார்க் போஸ்ட், எல்லாம் விரல் நுனியில். அதைத் தாண்டினால் நர்சிங். அதையும் தாண்டினால் மௌனம். வீடியோ எடிட்டிங் படிக்கணும் என்ற ஒரு பிள்ளையிடம் "முதல்ல ஒரு நிரந்தர வேலை பாரு" என்றார்கள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பெண்களுக்கான இடத்தில் கக்கூஸ் இல்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. எதிர் ஹோட்டலில் டீ வாங்கினால்தான் சாவி தருகிறான்.

போகிறவர்கள் ஒரிஜினலோடு இரண்டு செட் ஜெராக்ஸ், ஆதாரில் சேர்ந்த போன், பாட்டி தாத்தா பெயர் உள்ள எந்தப் பழைய காகிதமானாலும் அதையும் எடுத்துப் போங்கள். பதினொரு மணிக்கு மேல் டோக்கன் இல்லை. மழைக் காலத்தில் எங்கள் பக்கக் கடைசி ஜீப் மூன்று மணிக்கே கிளம்பிவிடும்.